நாற்பது பேருக்கு முன்னால்

எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்றொரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பந்தல் போட்டு மூன்று நாள் நடக்கும் கன்வென்ஷன் கூட்டத்தில், பிரசங்கம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வந்து மைக்கைப் பிடிப்பார்கள். குடித்தேன், அடித்தேன், திருடினேன், பொறாமைப்பட்டேன், இப்போது விடுதலை. சொல்பவர் அழுவார், கேட்பவர்களும் அழுவார்கள். பதினைந்து வயதில் நானும் எழுந்து நின்றேன். என் அக்காவை எனக்குப் பிடிக்காது என்று சொன்னேன். அவள் என்னைவிட நிறம். அவளுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அது முறிய வேண்டும் என்று ஜெபித்திருக்கிறேன் என்று, அவள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். சொல்லி முடித்ததும் உடம்பு காற்றாகிவிட்டது. பந்தலுக்கு வெளியே வந்து நின்றேன். தென்னைகள் எல்லாம் எனக்காக ஆடுவதுபோல் இருந்தது. அக்கா அதன் பிறகு என்னிடம் எப்படிப் பேசினாள் என்பதை நான் அன்று கவனிக்கவில்லை. பல வருடம் கவனிக்கவில்லை.

பின்னால் நான் வகுப்பில் செய்த காரியம் இந்தப் பந்தலில்தான் முளைத்தது. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் நாகர்கோவிலிலிருந்து கடலுக்குப் போகிற சாலையில், வயல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. காலையில் இரண்டு திசையிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். வடக்கிலிருந்து வயல்கரைப் பிள்ளைகள், ஈரச் செருப்போடு, சைக்கிளில். தெற்கிலிருந்து கடப்புறத்து மீனவப் பிள்ளைகள், கால் விரலிடுக்கில் மணலோடு, நடந்து. வாசலில் ஒன்றாகி, மணி அடித்ததும் மறுபடி இரண்டாகி, பெஞ்சுகளில் போய் உட்காருவார்கள். யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்காருவார்கள். கடப்புறத்துப் பிள்ளை ஒன்று கரும்பலகைக்கு வந்தால், முன் பெஞ்சில் நாலைந்து விரல்கள் மூக்குக்குப் போகும். சத்தம் இல்லை, சொல் இல்லை. மூக்கைப் பொத்துவது மட்டும். என்ன என்று கேட்டால், "ஜலதோசம் டீச்சர்." கோடையிலும் ஜலதோஷம்.

சுனாமி வந்து மூன்றாம் வருடம் அது. அந்த நாட்களில் எங்களுக்குப் பயிற்சிகள் நிறைய வந்தன. பிள்ளைகளின் மனசை எப்படித் தொடுவது, கோபத்தை எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது, ஒருவரை ஒருவர் துன்புறுத்தாமல் இருக்க வகுப்பில் என்னென்ன நடவடிக்கைகள் செய்யலாம். மூன்று நாள் பயிற்சி முடிந்து, ஒரு பை நிறைய சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் பசையுமாகத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்திருந்தபோது, பள்ளிக்கூடத்தை ஒரே வருடத்தில் மாற்றிவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன்.

எட்டாம் வகுப்புச் சுவரில் ஒரு பெரிய வெப்பமானி வரைந்து ஒட்டினேன். அடியில் பச்சை, அமைதி. நடுவில் மஞ்சள், வருத்தம். மேலே சிவப்பு, கோபம். துணி உலர்த்துகிற கிளிப்புகளில் ஒவ்வொருவர் பெயரும் எழுதினேன். காலையில் வந்ததும் தன் கிளிப்பை எந்த நிறத்தில் மாட்டுவது என்று பிள்ளைகள் தீர்மானிக்க வேண்டும். முதல் நாள் முக்கால்வாசிப் பேர் சிவப்பில் மாட்டினார்கள், உயரத்தில் இருந்ததால். இன்னொரு நாள் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, கசக்கச் சொன்னேன். பிறகு விரித்து, அதனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "மன்னிப்புக் கேட்டாச்சு. சுருக்கம் போச்சா?" என்று கேட்டு, பதிலுக்காகக் காத்து நின்றேன்.

"இஸ்திரி போட்டா போவும் டீச்சர்" என்றது ஒரு குரல்.

வகுப்பு மொத்தமும் சிரித்தது. வயலும் கடலும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். நானும் சிரித்தேன். மூக்கைப் பொத்துவது மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் பந்தல் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எடுத்துக்கொண்டேன். அதற்குச் சாட்சி நேரம் என்று பெயரும் வைத்தேன். மேசையை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஒரு நாற்காலி போட்டேன். விரும்புகிறவர்கள் வந்து நின்று, தங்களுக்கு நடந்ததை, தாங்கள் செய்ததைச் சொல்லலாம். மற்றவர்கள் சிரிக்கக் கூடாது, இடையில் பேசக் கூடாது. சொன்னது வகுப்பைவிட்டு வெளியே போகக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் பலகையில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

முதல் வாரம் பென்சில் திருட்டுகள். இரண்டாம் வாரம் ஒருத்தன், தன் மாமா பெல்ட்டால் அடிப்பதைச் சொன்னான். மூன்றாம் வாரம் முன் பெஞ்சுக்காரி எழுந்து வந்தாள். வயல்கரைப் பெண், உயரம், கணக்கில் முதல். மூக்கைப் பொத்துவதைத் தொடங்குகிற விரல் பெரும்பாலும் அவளுடையதாகத்தான் இருக்கும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "நான் கடப்புறத்துப் பிள்ளைகளைப் பாத்து மூக்கைப் பொத்துவேன். இனிமே செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுததைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அழுதார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றது. அதுவும் அழுகிறது என்று எழுதியிருப்பேன் அன்று, கையில் நோட்டு இருந்திருந்தால்.

அடுத்த திங்கட்கிழமை முதல் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்மையிலேயே நின்றது. தலைமையாசிரியை வராந்தாவில் என்னை நிறுத்தி, "உங்க கிளாஸ் இப்பம் நல்லா இருக்கு" என்றார். பயிற்சி நடத்தியவர்களுக்குச் செய்தி போனது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

கடைசி பெஞ்சில் சுவரோரம் ஒரு பெண் இருந்தாள். கடப்புறத்துப் பெண். சுனாமி வந்தபோது பத்து வயது, அப்போது பதிமூன்று. குடும்பத்தில் யாரும் போகவில்லை, வீடுதான் போனது. ஒன்றரை வருடம் தகர ஷெட்டில் இருந்துவிட்டு, புதிதாகக் கட்டிக் கொடுத்த குடியிருப்புக்கு வந்திருந்தார்கள். கையெழுத்து மணிமணியாக இருக்கும். தமிழ்க் கட்டுரையில் அவளைப் போல யாரும் எழுத மாட்டார்கள். அவள் கிளிப் எல்லா நாளும் பச்சையில் இருக்கும். மழையில் நனைந்து வந்த நாளும் பச்சை, பரீட்சைத் தாள் கொடுத்த நாளும் பச்சை. சாட்சி நேரத்தில் அவள் ஒருமுறைகூட எழுந்ததில்லை. அவளுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அதை வெளியே எடுக்க வேண்டும் என்றிருந்தது. வெளியே எடுத்தால் அவளும் காற்றாகிவிடுவாள் அல்லவா.

பார்வையாளர்கள் வந்த வெள்ளிக்கிழமை, இரண்டு நாற்காலிகள் பின்னால் போடப்பட்டன. முன் பெஞ்சுக்காரி மறுபடி எழுந்து, முன்பு சொன்னதையே இன்னும் நன்றாகச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. எனக்குப் பதற்றமாக இருந்தது. நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன்.

"மக்களே, நீ வா" என்றேன், எங்கள் ஊரில் ஒற்றைப் பிள்ளையையும் கூப்பிடுகிற மாதிரி. "பயப்படாத. இங்க எல்லாரும் உன் ஆளுகதான்."

அவள் எழுந்தாள். ஆசிரியர் கூப்பிட்டால் எழ வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை. நாற்காலி பக்கம் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை இன்றும் என் கழுத்தில் உணர்கிறேன்.

"எனக்கு..." என்றாள். அப்புறம் நிறுத்தினாள்.

"சொல்லு மக்களே. சொன்னா பாரம் குறையும்."

"கடல் வந்ததுக்கப்புறம் எனக்கு ராத்திரி படுக்கையில போயிருது டீச்சர். இப்பமும் போவுது."

பார்வையாளர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன் பெஞ்சுக்காரி ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள். கைதட்டல் நடுவில் அவள் நின்றாள், இரண்டு கைகளும் பாவாடையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி. நான் அவள் முகத்தில் விடுதலையைத் தேடினேன். இருந்ததாகவே அன்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நான் வகுப்புக்குள் போனபோது, கடைசி பெஞ்சில் அவள் உட்காருகிற இடத்தில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. நாலு மூலையும் ஒழுங்காக, சாப்பாட்டுக்கு இலை விரிப்பதுபோல. அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். உட்காரவும் இல்லை, அதை எடுக்கவும் இல்லை.

"யார் விரிச்சது?" என்றேன்.

எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

"கேக்குறேன்ல? யாரு?"

நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. "அத வெள்ளிக்கிழமை சாட்சி நேரத்துல சொல்லுதோம் டீச்சர்."

கொல்லென்று சிரிப்பு. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். முன் பெஞ்சுக்காரி சிரிக்கவில்லை, ஆனால் திரும்பியும் பார்க்கவில்லை. நான் செய்தித்தாளை எடுத்துக் கசக்கி ஜன்னல் வழியே எறிந்தேன். மொத்த வகுப்பையும் அரை மணி நேரம் நிற்க வைத்தேன். எல்லோரோடும் சேர்ந்து அவளும் நின்றாள்.

அன்று மத்தியானம் குழாயடியில் கேட்டது: "ஏட்டி, சுனாமி! நேத்து ராத்திரியும் அடிச்சுதா?" கேட்டது கடப்புறத்துப் பெண்தான். அவளும் அதே ஷெட்டில் இருந்தவள், அவளுக்கும் அதே கடல்தான் வீட்டைக் கொண்டுபோனது. இத்தனை நாள் மூக்கைப் பொத்தும்போது இவர்கள் எல்லாம் ஒரே பக்கம் நின்றார்கள். நான் மூக்குகளைச் சரிசெய்தேன். அந்தப் பக்கமும் இல்லாமல் போனது அவளுக்கு.

புதன்கிழமை அவள் அம்மா வந்தாள். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள். மீன் பாத்திரத்தை வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, தலைச் சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, வராந்தா ஓரத்தில் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சர், குடியிருப்பு முழுக்கத் தெரிஞ்சு போச்சு" என்றாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை. சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்படி ஆகும்னு நான் நெனைக்கல. பிள்ளைகட்ட வெளிய சொல்லக்கூடாதுன்னு..."

"போர்டுல எழுதிப் போட்டியளாம். சொன்னா." அவள் சும்மாட்டுத் துணியை மடித்தாள். "மூணு வருசம் டீச்சர். ஷெட்டுல இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், நடுவில தகரம். அப்பமும் ஒருத்திக்கும் தெரியாது. பாய வெளிய காயப் போட்டதில்ல. அடுப்புக்கு மேல கயிறு கெட்டிப் போடுவேன். என்னதுன்னு கேட்டா மழைக்கு ஒழுகிச்சும்பேன். வெயில் அடிக்கிய அன்னைக்கும் ஒழுகிச்சுன்னு சொல்லியிருக்கேன். எனக்க மாமியாருக்குக்கூடத் தெரியாது."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நாங்க சாமியாருக்கிட்ட பாவம் சொல்லும்பக்கூட நடுவில கம்பி அழி உண்டு டீச்சர். காதுலதான் சொல்லுவோம். சொன்னது அந்தக் கூண்ட விட்டு வெளிய வராது. அவ பாவமா செஞ்சா? சீக்குதானே? அத எப்பிடி நாப்பது பிள்ளையளுக்கு முன்னால நிப்பாட்டிச் சொல்ல வச்சிய?"

எனக்கு அது தெரியாதது அல்ல. கடப்புறத்துக் கத்தோலிக்கக் கோயிலில் அந்தக் கூண்டைப் பார்த்திருக்கிறேன். முழங்காலில் நின்று கம்பிக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கு இவ்வளவு ஒளிவு, எழுந்து நின்று சத்தமாகச் சொன்னால் என்ன என்று எங்கள் வீட்டில் பேசிச் சிரித்ததும் உண்டு. ஒரு கடற்கரை முழுவதும் தன் துக்கத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லப் பழகியிருக்கிறது. நான் அதன் பிள்ளை கையில் மைக்கைக் கொடுத்தேன்.

"நான் சரிபண்ணிருவேன்" என்றேன்.

"டீச்சர் ஒண்ணும் பண்ணாம இருந்தா மதி. அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

இருந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அன்றும் இன்றும். பயிற்சியில் கொடுத்த புத்தகத்தைப் புரட்டினேன். மன்னிப்புக் கடிதம் என்றொரு நடவடிக்கை அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் வயிற்றுவலி என்று சொல்லி அலுவலக அறையில் படுத்திருந்தபோது, வகுப்பில் எல்லோருக்கும் வண்ணத் தாள் கொடுத்தேன். ஒவ்வொருவரும் மனதாரச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்றேன். எழுதினார்கள். பூ வரைந்தார்கள், சிலர் சிலுவை வரைந்தார்கள். நாற்பது கடிதம். நான் படித்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் அந்தரங்கத்தை மதிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது. சிவப்பு ரிப்பனால் கட்டி, பள்ளி விட்டதும் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் ரிப்பனை அவிழ்த்து மேலே இருந்ததைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதைப் பாதி படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீ படுக்கையில் மூத்திரம் போவதை நான் கிண்டல் செய்தேன். என்னை மன்னித்துவிடு" என்று இருந்தது. அடுத்ததிலும் அதுதான். அதற்கடுத்ததிலும். நாற்பது நிறத்தில், நாற்பது கையெழுத்தில், அதே ஒன்று.

"இத நான் வீட்டுல எங்க டீச்சர் வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

நிஜமாகவே கேட்டாள். அந்த வீட்டில் ஒரு அறை, ஒரு அலமாரி, பள்ளிக்கூடம் போகிற தம்பி ஒருவன். நான் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் பையை மாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"டீச்சர், இனி எனக்காக ஒண்ணும் நடத்தாண்டாம்."

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் குடியிருப்புக்குப் போனேன். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி நீலக் கதவுகள், ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். யாரிடம் வழி கேட்பது என்று தயங்கினேன். கேட்டால், எந்தப் பிள்ளை என்று கேட்பார்கள். எந்தப் பிள்ளை என்று சொல்ல வேண்டியிராதபடி நானே தேடிக் கண்டுபிடித்தேன். அம்மா கட்டன்சாயா போட்டுத் தந்தாள். பெண் உள்ளே அடுப்புப் பக்கம் இருந்தாள். வளையல் சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை.

"படிக்கிற பிள்ளை. நிப்பாட்டாதீங்க" என்றேன். "இந்த ஸ்கூல் வேண்டாம்னா வேற ஸ்கூல் பாப்போம். தூரத்துல, யாருக்கும் தெரியாத இடத்துல. கன்னியாஸ்திரிகள் நடத்துற ஹாஸ்டல் இருக்கு. நான் பேசி இடம் வாங்கித் தாரேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. படித்த ஒரு பெண் இவ்வளவு நேரம் எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்கிற மலைப்பு.

"ஹாஸ்டல்லயா?" என்றாள். "அங்க பாய யாரு டீச்சர் காயப் போடுவா?"

டம்ளரில் சாயா ஆறிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்றேன். ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். வயசானால் சரியாகும் என்றாராம். தினமும் நானே வந்து சொல்லித் தருகிறேன் என்றேன். அம்மா எழுந்து தெருக்கதவைச் சாத்தினாள். டீச்சர் தினமும் இந்த வீட்டுப் படியேறினால், ஏன் ஏறுகிறாள் என்று தெரு மறுபடி பேசும். அதை அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அந்த வருடத்தில் சொல்லாமல் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

கிளம்பும்போது பெண் வெளியே வந்தாள். கையில் பாடப்புத்தகங்கள். காலண்டர் தாளில் அட்டை போட்டு, ஓரம் மடியாமல், புதிதாகக் கொடுத்ததுபோல.

"வேற பிள்ளை ஆராவது வந்தா குடுங்க டீச்சர். உள்ள ஒண்ணும் எழுதல."

"நீ வருவ மக்களே. கொஞ்ச நாள் போட்டும்."

அவள் தலையாட்டினாள். எனக்கு ஆறுதலுக்காக ஆட்டினாள் என்பது அப்போதே தெரிந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டேன்.

சாட்சி நேரத்தை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பீரியடில் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். சுவரில் இருந்த வெப்பமானி ஒரு மழையில் ஊறிக் கழன்று விழுந்தது. தலைமையாசிரியை ஒரு நாள் கூப்பிட்டு, இடையில் நின்றவர்கள் பட்டியல் அனுப்ப வேண்டும், உங்கள் வகுப்பில் ஒன்று இருக்கிறதே, காரணம் எழுதித் தாருங்கள் என்றார். வறுமை, இடப்பெயர்வு, திருமணம், நோய், குடும்பச் சூழல் என்று காரணங்கள் வரிசையாக அச்சடித்திருந்தன. பேனாவைத் திறந்து நெடுநேரம் வைத்திருந்தேன். பிறகு எல்லோரும் எழுதுவதையே எழுதினேன். குடும்பச் சூழல். அந்த அம்மா மூன்று வருடம் அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காப்பாற்றியது அந்தச் சூழலைத்தான். அதன் தலையிலேயே பழியையும் போட்டுவிட்டேன்.

வருகைப் பதிவேட்டில் அவள் இருபத்து மூன்று. பெயர் அடிக்கப்படும்வரை, காலையில் எண் வாசிக்கும்போது பழக்கத்தில் இருபத்து மூன்று என்று சொல்லிவிடுவேன். ஒரு நொடி இடைவெளி விழும். அந்த இடைவெளியில் யாரும் பேச மாட்டார்கள். இருபத்து நாலாம் எண் பெண் தன் முறைக்காகக் காத்து, பிறகு எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்பாள். மாதக் கடைசியில் அவள் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள், நான் இருபத்து இரண்டுக்கு அடுத்து நேராக இருபத்து நாலு என்றதும் பிள்ளைகள் கொஞ்சம் தாமதித்தார்கள். நாலாம் நாள் நான் இருபத்து இரண்டு என்றேன். பதில் வந்தது. நான் அடுத்த எண்ணைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், இருபத்து நாலு எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றாள்.